அமானிதம் நானா

முனாப் நானாவுக்கு வலது முழங்கால் எப்படிப் போனது என்று கேட்டால், அவர் வாயைத் திறக்கும் முன்பே அவருடைய பெண்சாதி கைரியா பதில் சொல்லிவிடுவாள்: "ஊரான்ட புள்ளயள வூட்டுக்கு வூடு கொண்டுபோய்க் குடுக்கப் போனதில போன காலு அது." அது முழு உண்மை இல்லை. கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் ஒரு புடைவைக் கடையில் காலையிலிருந்து பின்னேர அஸர் தொழுகை வரை நின்ற நிலையில் துணி கிழித்துக் கொடுக்கிறவருக்கு எந்தக் கால்தான் நிலைக்கும்? ஆனால் கைரியா சொன்னதில் பொய்யும் இல்லை. அவர் குடியிருந்த கட்டுகலையில் ஒரு வீட்டுக்கு இறங்கினால் அடுத்த வீட்டுக்கு ஏறவேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தில் வருடக் கணக்காகப் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு போனால் மலையாட்டுக்கே கால் நோகும்.

இளம்பிறை விளையாட்டுக் கழகத்துப் பிள்ளைகள் அஸர் தொழுகை முடிந்ததும் போகம்பரை மைதானத்தில் பந்தடிப்பார்கள். அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன் ஒவ்வொரு பிள்ளையும் அவனவன் வீட்டில் இருக்கவேண்டும். அந்திக்கருக்கலில் ஜின்களின் நடமாட்டம் அதிகம், பிள்ளைகளை வெளியே விடக்கூடாது என்பது நம்மவர் வழக்கம். ஜின்னுக்குப் பயந்து கதவடைக்கத் தெரிந்த ஊர் அது. மனிதனுக்குப் பயப்படத்தான் தெரியாது.

ஆகவே பொழுது சாயும்போது முனாப் நானா முன்னால் நொண்டிக்கொண்டு போவார். பின்னால் ஒரு படை போகும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அமானிதம்!" என்று குரல் கொடுப்பார். நம்பி ஒப்படைத்த பொருள், கேட்டபோது குறைவில்லாமல் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் தாய் அந்நிய ஆணுக்கு முகமும் காட்டமாட்டாள், குரலும் காட்டமாட்டாள். பிள்ளை உள்ளே நுழைந்ததும் கதவுப் பலகையை உட்பக்கமாகத் தட்டுவாள். பிள்ளை வந்து சேர்ந்தான் என்று அதற்குப் பொருள். ஒருத்தி மோதிரத்தால் தட்டுவாள், ஒருத்தி அகப்பைக் காம்பால் தட்டுவாள். ஒழுங்கையின் கீழ்க்கோடியில் இருந்த சித்தி றலியா என்கிறவள் அரிசி அளக்கிற தகரச் சுண்டால் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்கும்வரை முனாப் நானா அசையமாட்டார். மழை கொட்டினாலும் அசையமாட்டார். பொடியன்கள் அவருக்கு 'அமானிதம் நானா' என்று பட்டம் கட்டினார்கள். அது நாளடைவில் பெரியவர்கள் வாயிலும் ஏறி, கடைசியில் கடை முதலாளியே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இந்த வேலையை அவர் விரும்பி எடுத்ததில்லை. அது அவர் தலையில் விழுந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் நடுவில், கழகம் தொடங்கிய புதிதில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஆட்டம். ஆட்டம் முடிந்த சந்தோஷத்தில் பொடியன்கள் எல்லாரும் மகாவலி ஆற்றில் குதித்தார்கள். பெரியவர்கள் ஆற்றோரக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எந்த கோல் எப்படி விழுந்தது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். சித்தி றலியாவின் மூத்தவன் முஹ்ஸினைச் சுழி இழுத்தது. கீழே துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒரு வண்ணார் பாய்ந்து தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார். பிள்ளை பிழைத்தான். ஆனால் ஈரம் சொட்டச் சொட்ட அவனை வீட்டுக்கு யார் கொண்டுபோவது என்று வந்தபோது, தலைவருக்கு அவசர வேலை வந்துவிட்டது, காரியதரிசிக்கு வயிற்றைக் கலக்கியது. மிஞ்சியவர் முனாப் நானா. அன்றைக்கு அவர் கழகத்தில் ஒன்றுமே இல்லை, பந்துக்குக் காற்றடிக்கிறவர். அவ்வளவுதான்.

அவர் அந்தக் கதவைத் தட்டினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். உள்ளே பிள்ளையைத் துவட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"புள்ளய யார்ர கையில அனுப்பின எண்டு எனக்குத் தெரியா. யார்ர கையால வாங்கின எண்டு இப்ப தெரீம். இனி நான் அந்தக் கையாலதான் வாங்குவேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குரலை அவர் கேட்கவில்லை, சுண்டுச் சத்தத்தைத்தான் கேட்டார். ஆனால் றலியா வீட்டுக்குக் கிடைத்தது தங்களுக்கும் வேண்டும் என்று மற்ற வீடுகளும் பிடித்துக்கொண்டன. அன்று கதவைத் தட்டியவர் இவர் என்பதால் ஆயுளுக்கும் தட்டுகிற வேலை இவருக்கு வந்தது. உரலில் தலையைக் கொடுத்தவன் உலக்கைக்குப் பயப்படலாமா என்று கைரியா கேலி செய்வாள்.

நாள் போகப்போக அவர் சில வழக்கங்களையும் கொண்டுவந்தார். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது, துணைக்கு இன்னொரு பெரியவர் இருக்கவேண்டும். சட்டை மாற்றுவது வெளிச்சத்தில், எல்லாரும் ஒன்றாக. கரையில் ஆள் நிற்காமல் ஆற்றில் இறங்கக்கூடாது. இந்தச் சட்டம் அவருக்கும் உண்டு. அவருக்குத் துணை மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போடுகிற சின்னமுத்து. மகியாவை என்ற பகுதியிலிருந்து வருகிற மனிதன். அவன் மகனும் இந்தக் கூட்டத்தில் கோல் காக்கிறவன். சின்னமுத்து வராத நாளில் முனாப் நானா கடைத்தெருவில் யாரையாவது கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வருவார். "ஏன் நானா, ஒங்களயே நீங்க நம்பமாட்டீங்களா?" என்று சிரிப்பார்கள். "நம்புறேனோ இல்லயோ, பழக்கம் கெட்டுப்போகும்" என்பார்.

அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. மூன்றும் பெண்கள். மூத்தவள் றமீஸாவுக்குப் பத்து வயது ஆனதும் திரைக்குள் போட்டார்கள், வாசற்படியில் அவள் நிழல் விழுந்தாலும் ஊர் பேசும். முனாப் நானா இதை நினைத்து அலுத்துக்கொள்வார். பெண்பிள்ளைக்கு ஏழு திரை போடுகிற அதே சனம், ஆண்பிள்ளையைத் தெருவில் அவிழ்த்துவிட்டு, "ஆம்புளப் புள்ளதானே, அவனுக்கென்ன" என்று சொல்லும். யாரும் கூப்பிட்டால் போவான், எங்கே போனான் என்று சோற்று வேளைக்குத்தான் தேடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் வாசல் வாசலாக நின்று கத்துகிறவன் பைத்தியக்காரனாகத்தான் தெரிவான்.

அவருக்கே அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், முப்பத்திநாலாம் வருடம் பிறந்தபோது அவர் மனதில் இருந்த ஒரே ஆசை, அஸருக்குப் பிறகு காலை நீட்டி ஒரு கதிரையில் சாய்வது. எட்டு வருடத்தில் ஒருவரும் 'நன்றி' என்று சொன்னதில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டதற்கு யார் நன்றி சொல்வார்கள்? கோல் போட்டவனுக்கு மாலை, காவல் நின்றவனுக்கு முழங்கால் நோவு.

அந்த வருடத்தில்தான் பிள்ளைகளுக்குப் பந்தடி பழக்கத் தாஸிம் மாஸ்டர் வந்தார்.

அவர் கொக்கோ ஹாஜியாரின் மருமகன், தங்கை மகன். கொக்கோ ஹாஜியார்தான் கழகத்தின் தூண். குண்டசாலையில் ஆற்றோரமாக அவருக்குக் கொக்கோத் தோட்டமும் பங்களாவும் இருந்ததால் அந்தப் பெயர். பந்து அவர் தந்தது, பிறை போட்ட பச்சைச் சட்டை அவர் தந்தது. மருமகன் கொழும்பில் பேர்போன ஆட்டக்காரர். வெள்ளைக் கால்சட்டையும் வாரிவிட்ட தலையுமாகப் போகம்பரையில் அவர் பந்தைத் தலையில் வைத்து ஆட்டியபோது, பொடியன்கள் வாயில் ஈ போனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனாப் நானாவும்தான் பார்த்தார். கெட்டிக்காரன் என்று அவரே சின்னமுத்துவிடம் சொன்னார்.

மாஸ்டருக்குப் பிள்ளைகள் மேல் நல்ல பிரியம். தோளில் கைபோட்டுப் பேசுவார், டொபி மிட்டாய் கொடுப்பார். அதிலும் ஹபீல் மேல் தனிப் பிரியம். ஹபீல் சித்தி றலியாவின் இளையவன், பதினொரு வயது, இடக்காலில் மந்திரம் வைத்திருந்தவன். அவனுடைய வாப்பா ஹுன்னஸ்கிரியத் தோட்டங்களுக்கு நடுவே கடை வைத்திருந்தார். மாதத்தில் ஒருமுறை வீட்டுக்கு வருவார், மறுநாள் போய்விடுவார்.

வழக்கமாக ஹபீல் படைக்கு முன்னால் ஓடுவான். வாசலுக்கு வரும் முன்பே "உம்மா, அமானிதம் வந்திட்டு!" என்று கத்துவான். மாஸ்டர் வந்து சில கிழமைகளில் அவன் பின்னால் வர ஆரம்பித்தான். பிறகு முனாப் நானாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான். ஒருநாள் அவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சோடிப் புதுக் காலுறை எட்டிப் பார்த்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் போடுகிற மாதிரி, மேலே சிவப்புக் கரை போட்டது.

"இத ஆரு தந்த, மகன்?"

ஹபீல் அதை உள்ளே திணித்தான். "செல்லக்கூடாதாம் நானா."

"ஆரு செல்லக்கூடாது எண்ட?"

பிள்ளை மண்ணைப் பார்த்தான். முனாப் நானா மேலே கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு வீடு சேரும்வரை அந்த ஒரே வார்த்தை அவர் காதில் நின்றது. நல்லதைக் கொடுக்கிறவன் அதை ஏன் மறைக்கச் சொல்லவேண்டும்? வேறு ஒன்றும் அவருக்குத் தெரியாது. கண்ணால் கண்டது எதுவும் இல்லை.

அவ்வருடம் மாத்தளைக் கழகத்தோடு கிண்ணத்துக்கு ஆட்டம். அதற்கு முந்திய ஒரு கிழமை முழுக்க ஹபீலை மட்டும் குண்டசாலைப் பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தனியாகப் பழக்கவேண்டும் என்று மாஸ்டர் கேட்டார். அங்கே தோட்டக் காவல்காரனைத் தவிர வேறு ஈ காக்கை கிடையாது. முனாப் நானா முடியாது என்றார். இன்னொரு பெரியவர் கூடவே போகட்டும், இன்னும் நாலு பிள்ளைகளும் போகட்டும், இல்லாவிட்டால் முடியாது என்றார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே போய் மாமாவிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாஜியார் வீட்டு முன்மண்டபத்தில் கூட்டம் கூடியது. நல்ல கதிரைகளில் பெரியவர்கள் இருந்தார்கள். முனாப் நானாவுக்கு அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகை கிடைத்தது.

"முனாப், என்ட மருமகனச் சந்தேகப்படுறீங்களா?" என்றார் ஹாஜியார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை.

"இல்ல ஹாஜியார். நான் ஒருத்தரயும் சந்தேகப்படல்ல. ஒரு புள்ள ஒரு பெரிய ஆளோட தனியப் போற இல்ல. அது நம்மட சட்டம். எனக்கும் அதேதான். சின்னமுத்து இல்லாட்டி நானும் கூட்டிக்கொண்டு போற இல்ல."

"அப்ப நீங்களும் மாஸ்டரும் ஒண்டா?"

"ராவைக்கு எல்லாரும் கதவுக்குத் தாப்பாள் போடுறோம். பக்கத்து வூட்டுக்காரனக் கள்ளன் எண்டு செல்லவா போடுற?"

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். மூலையில் இருந்த பள்ளிவாசல் லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, ஆதாரம் இல்லாமல் ஒருவர் மேல் பழி போடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று சொல்ல ஆரம்பித்தார். அது முனாப் நானாவுக்கும் தெரியும். அதற்குப் பயந்துதான் அவர் இத்தனை நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணால கண்ட ஏதும் ஈக்கிதா? ஈந்தா இப்ப செல்லுங்க" என்றார் ஹாஜியார்.

சிவப்புக்கரைக் காலுறை முனாப் நானாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன நடக்கும்? பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவார்கள். ஆறு பெரிய மனிதர்கள் அந்தச் சின்னவனைக் குடைவார்கள். அவன் பெயர் அன்று பொழுது சாயும் முன் கட்டுகலை முழுக்க உருளும். அவர் விழுங்கிக்கொண்டார்.

"இல்ல."

"ஹபீல்ட வாப்பாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்ட. அவரு பெருமையோட சம்மதம் தந்தீக்கிறாரு. பெத்த வாப்பாக்கு இல்லாத கவல ஒங்களுக்கு என்னத்துக்கு?" ஹாஜியார் எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார். "ஒங்களுக்குக் காலும் ஏலாது தானே. நெறய செஞ்சிட்டீங்க. இனி ரெஸ்ட் எடுங்க."

முனாப் நானாவைக் கழகத்தின் ஆலோசகர் ஆக்கினார்கள். ஒருவரிடம் இனி யாரும் ஆலோசனை கேட்கப்போவதில்லை என்பதை மரியாதையாகச் சொல்ல நம்மவர் கண்டுபிடித்த பதவி அது. எல்லாரும் கைதட்டினார்கள், வட்டிலப்பம் பரிமாறினார்கள்.

படியிறங்கி வரும்போது அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் விசேஷம். நெஞ்சிலிருந்து ஏதோ மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இனி மழையில் நிற்கவேண்டாம், மேடு ஏறவேண்டாம். 'நான் சொன்னேன், அவங்க கேக்கல்ல, இனி என்ட பொறுப்பில்ல' என்று மனம் ஓதிக்கொண்டே வந்தது. வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் அந்த நிம்மதியை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

கைரியா தைலத்தைச் சூடாக்கி முழங்காலில் தேய்த்தாள். அவர் நடந்ததைச் சொன்னார், காலுறைச் சங்கதியையும் சொன்னார்.

"ஒருத்தருக்கும் செல்லாத. நமக்கு ஒண்டும் தெரியாது. பழி போட்ட பாவம் நமக்கு வேணாம்" என்றார்.

கைரியா ஒன்றும் பேசவில்லை. வாய் ஓயாத பெண்சாதி பேசாமல் இருந்தால் புருஷன் உஷாராக வேண்டும். முனாப் நானாவுக்கு அன்றைக்கு அந்தத் தெம்புகூட இல்லை, கண்ணயர்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சின்னமுத்து வந்து வாசலில் நின்றான். விரலெல்லாம் சுண்ணாம்பு.

"என்னாங்க நானா, இப்புடி ஒக்காந்துட்டீங்க? அங்க ஆட்டம் முடிஞ்சதும் ஓடுங்கடான்னு தொரத்தி விட்டுர்றாங்க. பசங்க அவனவன் பாட்டுக்குப் போறான். நேத்து ஒரு பொடியன் இருட்டுனப்புறம் கொளத்தங்கரையில நின்னு அழுதுகிட்டு இருந்தான். நாந்தான் கொண்டுபோயி விட்டேன். நா ஒருத்தனா என்னா பண்றது?"

"நான் இப்ப ஒண்டும் இல்ல சின்னமுத்து. ஆலோசகர்."

"அப்புடின்னா?"

"வூட்ட இரி எண்டு அர்த்தம்."

சின்னமுத்து அவர் முழங்காலைப் பார்த்தான். "எம் பொஞ்சாதி எங்க பயல நிப்பாட்டிட்டா. நானா இல்லாத எடத்துக்கு எதுக்குப் போறான்னு கேக்குறா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அன்று இரவுச் சோறு முனாப் நானாவுக்கு இறங்கவில்லை. ஆனாலும் அவர் எழுந்து எங்கும் போகவில்லை. எங்கே போவது? யாரிடம் என்ன சொல்வது? மறுநாள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பெண்கள் கூடி நபி புகழ் பாடும் மௌலூது ஓதினார்கள். கைரியா முக்காட்டைப் போட்டுக்கொண்டு போய், திரும்பிவந்து, வழக்கம்போல் சமைத்தாள். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றும்போது ஒழுங்கையில் மோட்டார் ஹோர்ன் அடித்தது. அந்த ஒழுங்கைக்குள் கார் வருவது பெருநாள் மாதிரி. சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஓடின. முனாப் நானாவும் வாசலுக்கு வந்து பார்த்தார். கீழ்க்கோடியில், சித்தி றலியாவின் வாசலில் ஹாஜியாரின் கார் நின்றது. ஓட்டுகிற இடத்தில் மாஸ்டர், பக்கத்தில் ஹாஜியார். ஹபீலைக் குண்டசாலைக்குக் கொண்டுபோக வந்திருக்கிறார்கள்.

கூடாது என்று கால் சொன்னது. ஆனாலும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் இறங்கிவிட்டார்.

ஹாஜியார் காரிலிருந்து இறங்கி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு மரியாதையாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, ஹபீல அனுப்புங்க. அஸருக்கு முந்திப் போகணும்."

உள்ளேயிருந்து சுண்டு பலகையில் மூன்று முறை மோதியது. கதவு திறக்கவில்லை.

ஹாஜியார் காத்திருந்தார். மாஸ்டர் மறுபடி ஹோர்ன் அடித்தார். உள்ளே சுண்டு மறுபடி தட்டியது.

"என்ன இது?" என்று ஹாஜியார் தன்பாட்டில் கேட்டார். காரின் விளக்கைத் தடவிக்கொண்டு நின்ற ஒரு வாண்டு அவருக்கு விளங்கப்படுத்தினான்: "தெரியாதா? புள்ள வூட்ட வந்து சேந்திட்டு எண்டு சத்தம் அது. இனி வெளிய வரமாட்டான்."

"அவன்ட வாப்பா சம்மதம் தந்தீக்கிறாரே!" என்றார் ஹாஜியார், இந்தமுறை கொஞ்சம் உரக்க. பதிலுக்குத் தகரம்தான் பேசியது. புருஷன் தந்த வாக்கை ஒரு பெண் தெருவறிய மறுப்பது அந்த நாளில் சின்ன விஷயம் இல்லை. நின்றவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். முனாப் நானா இன்னும் நாலு எட்டு இறங்கினார்.

அப்போது அவருக்குப் பின்னால் மேட்டில் ஒரு சத்தம் கேட்டது. அகப்பைக் காம்பு பலகையில் விழுகிற சத்தம். திரும்பிப் பார்த்தார். அது அவருடைய சொந்த வீட்டுக் கதவு. ஒப்படைக்க ஒரு ஆண்பிள்ளையும் இல்லாத கைரியா உள்ளே நின்று தட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் ஒரு மோதிரம் தட்டியது. அதற்கப்பால் இன்னொரு கதவு. ஒரு முகமும் தெரியவில்லை, ஒரு குரலும் கேட்கவில்லை. ஹாஜியாருக்குக் கோபப்படக்கூட ஆள் அகப்படவில்லை.

கடைசியில் அவர் கண்ணில் முனாப் நானா அகப்பட்டார். "இது ஒங்கட வேலயா?"

"இல்ல ஹாஜியார். எனக்குத்தான் நீங்க ரெஸ்ட் தந்திட்டீங்களே."

கார் பின்னுக்குப் போக இடமில்லாமல் திணறி, ஒருவர் வீட்டு வேலியை உரசிக்கொண்டு வெளியேறியது.

வீட்டுக்குள் போனதும் அவர் பெண்சாதியைக் கேட்டார். "மௌலூது வூட்டில என்ன சென்ன நீ?"

"நான் ஒருத்தரப் பத்தியும் ஒண்டும் செல்லல்ல. ஒங்கட சட்டத்தத்தான் சென்ன. ஒரு புள்ள ஒரு பெரிய ஆளோட தனியப் போற இல்ல எண்டு எட்டு வருசமா ஈக்கி, அத இப்ப எடுத்துப்போட்டாங்க எண்டு சென்ன. அதில என்ன பாவம்?" கைரியா அகப்பையைக் கழுவி மாட்டினாள். "மத்தத றலியா ராத்தாவே கேட்டா. என்ட மகன் ஏன் ராவில எழும்பி ஒக்காந்தீக்கான் எண்டு கேட்டா. எனக்குத் தெரியா எண்டு சென்ன. அவ அழுதா. நானும் அழுத."

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. ஹபீல் இல்லாமல், கோல் காப்பவனும் இல்லாமல், மாத்தளையிடம் இளம்பிறை தோற்றது, மானங்கெடத் தோற்றது. ஹாஜியார் பந்தையும் பச்சைச் சட்டைகளையும் திருப்பி வாங்கிக்கொண்டார். மாஸ்டர் கொழும்புக்குப் போய்விட்டார், ஒரு கேள்வியும் அவரை யாரும் கேட்கவில்லை. றலியாவின் புருஷன் ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்து போட்ட சத்தத்தில் ஒழுங்கையே தலையைக் குனிந்துகொண்டது. கிண்ணத்தைப் பறிகொடுத்த பெரிய பொடியன்கள் முனாப் நானாவைக் கண்டால் காறித் துப்பினார்கள். ஒரு நல்ல மனிதனின் பெயரை இந்த நொண்டி கெடுத்துவிட்டான் என்று கடைத்தெருவில் பேச்சு. சில நாட்களில் அவருக்கே அப்படித் தோன்றும். நடக்காமல் போன ஒன்றுக்கு அவர் எங்கே போய்ச் சாட்சி தேடுவார்? அந்தச் சந்தேகம் அவரைவிட்டுக் கடைசிவரை போகவில்லை.

கழகம் முடிந்தது என்று அவர் நினைத்தார். மழைக்காலம் பிறந்தது. அஸருக்குப் பிறகு கதிரையில் சாய்ந்து காலை நீட்டினார். அவர் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு பின்னேரம், தூறல் விட்ட நேரத்தில், அவருடைய கதவை யாரோ தட்டினார்கள். கைரியா சாளரத்தின் இடுக்கால் பார்த்துவிட்டு, "நீங்களே போங்க" என்றாள்.

கதவைக் கால்வாசி திறந்தார். பட்டப்பகலில், ஒழுங்கை பார்க்க, ஒரு பெண் குடையை முகத்துக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கைப்பிடியில் ஹபீல் நின்றான். அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். பச்சைச் சட்டை யாருக்கும் இல்லை, வீட்டுச் சட்டைதான். ஒழுங்கை முனையில் சின்னமுத்து ஒட்டுப்போட்ட ஒரு பழைய பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

முனாப் நானா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். எட்டு வருடத்துக்கு முன் கேட்ட அதே குரல் இப்போது கதவுக்கு வெளியிலிருந்து வந்தது.

"நானா, ஒங்களுக்குக் கால் ஏலாது எண்டு தெரீம். கேக்கவும் வெக்கமா ஈக்கி. ஆனா இவன் வூட்டுக்குள்ளயே கெடந்து வாடுறான். பந்தடிக்கணும் எண்டு நேத்துத்தான் வாயத் தொறந்து கேட்டான். வேற ஒருத்தர்ட கையிலயும் குடுக்க எனக்கு மனசு வருதில்ல." பிறகு, இத்தனை வருடமும் அவர் அவள் வாசலில் சொன்ன வார்த்தையை அவள் அவர் வாசலில் சொன்னாள். "அமானிதம்."

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. வயசாகிவிட்டது, வேறு யாராவது வாலிபனைப் பாருங்கள், நான் களைத்துவிட்டேன், உண்மையாகவே களைத்துவிட்டேன் என்று சொல்ல இருந்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் அவளைப்போலவே நின்றுகொண்டு, விரல் முட்டியால் பலகையை மூன்று முறை தட்டினார்.

வெளியே குடை திரும்பிப் போகிற காலடிச் சத்தம் கேட்டது. கதவிடுக்கால் ஒரு சின்னக் கை உள்ளே வந்து அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது.

முனாப் நானா ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு குனிந்து செருப்பைத் தேடினார்.